புகைபோக்கிக்கும் இரத்தத்துக்கும் நடுவே ஒரு படிப்பு

கும்மிடிப்பூண்டி போன்ற ஒரு சிப்காட்டில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் புகைபோக்கியில் என்ன வெளியேறுகிறது என்று பார்ப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். உலைக்கூடத்துக்குள் இருக்கும் காற்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் பொறுப்பு. அந்த உலையில் வேலை செய்பவருக்கு வயிற்று வலி, இரத்தசோகை என்று வந்தால் அவர் போய் நிற்பது அரசு மருத்துவமனை வரிசையில். மூன்று துறைகள், மூன்று கோப்புகள். புகைபோக்கி விதிக்குள்தான் இருக்கிறது என்று ஒரு கோப்பு சொல்லும் அதே மாதம், இரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று இன்னொரு கோப்பு சொல்லலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, ஒன்றோடொன்று வைத்துப் படிக்கத் தெரிந்த ஆள்தான் நம்மிடம் இல்லை. அந்த ஆளை உருவாக்குவதுதான் சுற்றுச்சூழல் அறிவியலும் மனித நலமும் சேர்ந்த முதுநிலைப் படிப்பு.

வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை பக்கமிருந்து லோக்கல் ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் மாணவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பி.எஸ்சி. வேதியியல், விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல் படிப்பவர்கள், சிவில் அல்லது கெமிக்கல் பொறியியல் முடித்தவர்கள், நர்சிங் முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள் எல்லோருக்கும் இதில் வழி உண்டு. "சுற்றுச்சூழல்னு படிச்சா என்ன வேலைம்மா கிடைக்கும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் கிடைக்க, முதலில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

நம் ஊரே பாடப்புத்தகம்

பூண்டி ஏரியில் சென்னைக்குக் குடிநீராக நிற்கிற கொசஸ்தலை ஆறு, அங்கிருந்து புறப்பட்டு அனல்மின் நிலையங்களின் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. மீஞ்சூர்ப் பக்கத்தில் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே வந்துவிட்டது. பிறகு அதே பகுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் மிக மோசமாக மாசடைந்த தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து வேலூர், கடலூர், கோவையோடு மணலியும் அதில் இடம்பெற்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்துக்குள் புகுந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு, பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் வேதி ஆலைகளும் இருக்கின்றன. ஆபத்தான கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைப்பதற்கான பொதுக் கிடங்கும் அங்கேதான் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் உட்பகுதியில் செங்கல் சூளைகள். அங்கே ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கி வேலை செய்பவர்கள்.

இவ்வளவும் ஒரு மாவட்டத்திலும் அதன் ஓரத்திலும். வெளிநாட்டில் இந்தத் துறையைப் படிப்பவர்கள் களஆய்வுக்காக நிதி தேடிப் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருகிற இடம் இந்த மாதிரி இடம்தான். வேப்பம்பட்டில் இருப்பவர் பேசின் பிரிட்ஜில் இறங்கி ரயில் மாறினால் போதும்.

படிப்பில் என்ன இருக்கிறது

பெயர் பலவிதமாக இருக்கும்: சுற்றுச்சூழல் அறிவியல், சுற்றுச்சூழல் நலம், தொழில்சார் நலம், பொதுச் சுகாதாரம். பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பாடத்திட்டத்தை வாங்கி, அதில் நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

முதலாவது, அளப்பது. காற்றில், நீரில், மண்ணில் என்ன இருக்கிறது என்பதோடு நிற்காமல், அதில் எவ்வளவு ஒரு மனித உடம்புக்குள் போனது என்று கணக்கிடுவது. ஆங்கிலப் புத்தகங்கள் இதை எக்ஸ்போஷர் அசெஸ்மென்ட் என்கின்றன. இந்தத் துறையின் உயிர்நாடி இதுதான் என்பேன். உலைக்கூடக் காற்றில் ஈயத் தூசி 8 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. கருவி அந்த வரம்புக்குள் காட்டலாம். ஆனால் அந்தத் தொழிலாளி கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஈயம் வாய் வழியாகப் போகிறது. வேலை உடையோடு வீட்டுக்குப் போனால் அது மடியில் ஏறும் குழந்தைக்குப் போகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது மிகக் குறைந்த அளவிலேயே தாக்கும். ஆக, கருவியை எங்கே வைப்பது, சட்டையைத் துடைத்து மாதிரி எடுப்பதா, வீட்டுத் தரையிலும் எடுப்பதா என்று முடிவெடுப்பதே பாதி ஆய்வு.

இரண்டாவது நச்சியல்: ஒரு பொருள் உடம்புக்குள் போய் எங்கே தங்குகிறது, என்ன செய்கிறது. ஈயம் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் என்பதைத் தெரிந்தவர்தான், வேலையை விட்டுப் போனவரையும் பரிசோதிக்கச் சொல்வார்.

மூன்றாவது நோய்ப்பரவலியல், நான்காவது புள்ளியியல். இவை இரண்டையும் பயந்து ஒதுக்குபவர்கள்தான் பின்னால் வேலை தேடும்போது திண்டாடுகிறார்கள். இவை ஏன் வேண்டும் என்பதற்குப் போரூரிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சூழல் நலப் பொறியியல் துறையில், கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. அவர்கள் சுவாசித்த பி.எம்.2.5 நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. எடை குறைந்த குழந்தைகள் பிறக்கும் விகிதம் 2 சதவீதம் கூடியது. 2018இல் வெளிவந்த முடிவு இது. 4 கிராம் ஒரு தாய்க்குத் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பல ஆயிரம் பிரசவங்களின் மீது அதைப் போட்டுப் பார்க்கும்போதுதான் எல்லையில் இருக்கும் எத்தனை குழந்தைகள் 2.5 கிலோவுக்குக் கீழே தள்ளப்படுகிறார்கள் என்பது புரியும். பி.எம்.2.5க்கு இந்தியா வைத்திருக்கும் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. இந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல நம் ஊர்த் தாய்மார்களின் கணக்கு தேவைப்பட்டது.

அதே துறை பங்கேற்ற இன்னொரு பெரிய ஆய்வையும் சொல்ல வேண்டும். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் சுமார் 3200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவின் பங்கு தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடந்தது. சமையல் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. 2022இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். நினைத்தது வராதபோதும் வந்ததைச் சொல்லும் துணிவு இந்தத் துறையில் சம்பளத்துக்கும் மேலான தகுதி. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவருக்கும் இது பொருந்தும்; அதற்குப் பின்னால் வருகிறேன்.

எங்கே படிப்பது

உங்களுக்கு மிக அருகில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன். அம்பத்தூரில் இறங்கி பஸ் பிடித்தால் அயப்பாக்கம். அங்கே இருப்பது ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம். நாட்டின் முதன்மையான நோய்ப்பரவலியல் பயிற்சி இடங்களில் ஒன்று நம் லோக்கல் ரயில் பாதையின் ஓரத்தில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் பலருக்குத் தெரியாது. அங்கே நடக்கும் எம்.பி.எச். எனும் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு மருத்துவ, சுகாதாரப் பின்னணி உள்ளவர்களை நோக்கியது. தகுதியை அறிவிப்பில் சரிபார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். எம்.எஸ்சி. முடித்தவர்கள் கவனிக்க வேண்டியது அங்கே அவ்வப்போது வரும் ஆய்வுத் திட்டப் பணியிடங்களை. ஓராண்டு அங்கே தரவு சேகரித்த அனுபவம், பிறகு எந்த நேர்காணலிலும் பேசும்.

ஆவடி, பூந்தமல்லி வழியாகப் போரூர் போனால் ஸ்ரீ ராமச்சந்திரா. தொழில்சார், சுற்றுச்சூழல் நலத்தை மையமாக வைத்த எம்.பி.எச். படிப்புக்குத் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் இடம் இதுதான். மேலே சொன்ன நான்கும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் அரசுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட முடியாது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முடிவெடுங்கள். வங்கிக் கடன் வாங்கிப் படிப்பவர் முதல் வேலையின் சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்பதை அங்கேயே முன்பு படித்த இரண்டு பேரிடம் விசாரியுங்கள்.

கட்டணம் குறைவாக வேண்டும் என்றால் அரசுப் பல்கலைக்கழகங்கள்: கோவை பாரதியாரில் சுற்றுச்சூழல் அறிவியல் துறை, சேலம் பெரியாரில் சுற்றுச்சூழல் அறிவியல், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் எம்.எஸ்சி., ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி மையம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் துறை. இவற்றில் ஆய்வகமும் களமும் நன்றாகக் கிடைக்கும். மனித நலப் பகுதி மெலிந்திருக்கும். அதை நீங்களே ஈடுகட்ட வேண்டும். புராஜெக்டை ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையோடு சேர்ந்து செய்ய முடியுமா என்று முதல் பருவத்திலேயே பேராசிரியரிடம் கேளுங்கள். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நீர்மாசு படிக்கும் மாணவரும் சமூக மருத்துவம் படிக்கும் டாக்டரும் சேர்ந்து ஒரு கிராமத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் நல்ல ஆய்வு அமையும்.

பொறியாளர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் சுற்றுச்சூழல் பொறியியல் உண்டு. கேட் தேர்வில் 2021 முதல் 'சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும்' என்று தனித் தாள் வந்திருப்பது பலருக்கு நல்வாய்ப்பு. மாசை நீக்கும் ஆலையை வடிவமைக்க இவர்கள் கற்றுக்கொள்வார்கள். யாருடைய உடம்புக்காக அதை வடிவமைக்கிறோம் என்ற கேள்வியை ஒரு விருப்பப் பாடமாவது எடுத்துத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆராய்ச்சிப் பட்டம் வரை போகிறவர்கள் சென்னை தரமணியில் நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையத்தையும், அகமதாபாத்தில் தேசியத் தொழில்சார் நல நிறுவனத்தையும், போபாலில் ஐ.சி.எம்.ஆர். நடத்தும் சுற்றுச்சூழல் நல ஆராய்ச்சி நிறுவனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போபாலில் அப்படி ஒன்று இருப்பதற்கு 1984 டிசம்பர் இரவின் விஷவாயுக் கசிவே காரணம்.

ஒரு எச்சரிக்கை. படிப்பின் பெயர் புதுமையாக இருந்தால், அரசு வேலைக்கு அது எந்தப் பட்டத்துக்கு இணையானது என்ற இணைத்தன்மைக் கேள்வி வரும். சேரும் முன்பே அதற்கு அரசாணை உண்டா என்று கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால், இரண்டு ஆண்டுப் படிப்பு ஒரு தகுதிப் பட்டியலில் காணாமல் போகும் கொடுமையை அனுபவிக்க நேரும்.

வேலை எப்படி இருக்கும்

தொழிற்சாலைகளில் இ.எச்.எஸ். என்று அழைக்கும் சுற்றுச்சூழல், நலம், பாதுகாப்புத் துறையில்தான் அதிகம் பேருக்கு முதல் வேலை கிடைக்கும். தொடக்கத்தில் இ.டி.பி. எனும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் லாக்புக் எழுதுவது, ஆபத்தான கழிவு ஏற்றிச் செல்லும் லாரிக்குப் படிவம் 10 நிரப்புவது, வாரியத்தின் இசைவாணையைப் புதுப்பிக்கத் தாள் திரட்டுவது என்றுதான் நாள் போகும். சலிப்பாக இருக்கும். ஆனால் ஒரு ஆலைக்குள் எது எங்கே வந்து எங்கே போகிறது என்பதை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் வகுப்பறை கிடையாது. இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: சட்டம் கேட்கும் சேஃப்டி ஆபிசர் பதவிக்கு எம்.எஸ்சி. மட்டும் போதாது, அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டயம் வேண்டும். தரமணியில் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் அதை நடத்துகிறது. தெருவுக்குத் தெரு விளம்பரம் செய்யும் சில மாதச் சான்றிதழ்களில் பணத்தைப் போடும் முன், அதைத் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் ஏற்கிறதா என்று விசாரியுங்கள்.

அடுத்தது பரிசோதனை ஆய்வகங்களும் ஆலோசனை நிறுவனங்களும். புகைபோக்கியின் மேல் ஏணியில் ஏறி மாதிரி எடுப்பது, சத்தம் அளப்பது, அறிக்கை எழுதுவது. பெண்களைக் களத்துக்கு அனுப்பாமல் ஆய்வக மேசையிலேயே உட்கார வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. களம் தெரியாதவர் மேலே வர முடியாது, ஆகவே நேர்காணலிலேயே "எனக்குக் களப்பணி உண்டா?" என்று பெண்கள் கேட்டுவிட வேண்டும். 2006ஆம் ஆண்டு அறிவிக்கைப்படி புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதும் நிறுவனங்களுக்குக் காற்று, நீர், சத்தம், மண், உயிரினம், இடர் என்று ஒவ்வொன்றுக்கும் அங்கீகாரம் பெற்ற நிபுணர் தேவை. மனித நலத்துக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. அறிக்கைகளில் உடல்நலம் பற்றிய பக்கம் ஆரம்பச் சுகாதார நிலையங்களின் எண்ணிக்கையோடு முடிந்துவிடுவதற்கு இது ஒரு காரணம். இது மாற வேண்டும். மாறும் வரை, நலம் படித்தவர் காற்று அல்லது இடர் மதிப்பீட்டு நிபுணராகத் தகுதி பெற்று உள்ளே போவதே வழி.

அரசில், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர், சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணியிடங்கள். விஞ்ஞானி பணிக்கு வேதியியல், உயிரியல் சார்ந்த முதுநிலைப் பட்டங்களோடு சுற்றுச்சூழல் அறிவியலும் ஏற்கப்பட்டிருக்கிறது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, அம்பத்தூர் என்று நம் பக்கத்திலேயே மாவட்டப் பொறியாளர் அலுவலகங்கள் உண்டு. ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மட்டும் நம்பி மூன்று ஆண்டு சும்மா இருப்பது சரியல்ல என்பது என் கருத்து. வேலை பார்த்துக்கொண்டே தயாராகுங்கள்.

புதிதாக வளர்வது பெருநிறுவனங்களின் அறிக்கைப் பணி. பங்குச் சந்தையில் முதல் 1000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். எனும் பொறுப்பறிக்கையைத் தர வேண்டும் என்று செபி 2022–23 முதல் கட்டாயமாக்கியது. நீர், கழிவு, விபத்து, தொழிலாளர் நலம் எல்லாம் அதில் எண்ணாக வர வேண்டும். குளிர்சாதன அறை வேலைதான். ஆலைக்குள் கால் வைத்த அனுபவம் இருந்தால் அந்த எண்களில் எது பொய் என்று உங்களுக்குத் தெரியும்.

தொண்டு அமைப்புகளையும் விட்டுவிட முடியாது. கடலூர் சிப்காட்டைச் சுற்றிய கிராமத்து மக்கள், எந்த ஆலையிலிருந்து எந்த வாடை எந்த நேரம் வருகிறது என்று பதிவேடு எழுதினார்கள், பக்கெட்டுக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2000களின் நடுவில் நடந்தது அது. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பின், 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. பதினைந்து ஆண்டுகள். வேலை பார்த்த காலத்தில் முறையாக அளந்த எண்கள் தொழிலாளர்கள் கையில் இருந்திருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்குமா என்பது என் கேள்வி. சென்னையில் சி.ஏ.ஜி., பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகளோடு சில மாதம் வேலை செய்தால், எண்களை மக்கள் மொழியில் எழுதப் பழகலாம்.

இப்போது, முன்பு விட்டுவைத்த விஷயம். அளக்காத அளவைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி உங்களை யாராவது கேட்கும் நாள் வரும். பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வரும். கேட்பவர் நல்லவராகக்கூட இருப்பார். "நேத்து போட்டதையே போடுப்பா" என்பார். நீங்கள் எடுக்காத மாதிரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். கருவி பழுது என்றால் பழுது என்று எழுதுங்கள். விபத்து நடந்தால் விசாரணையில் முதலில் எடுக்கப்படுவது அந்தப் பதிவேடு. அதில் இருப்பது உங்கள் கையெழுத்து.

யாருடைய உடம்பை அளக்கிறோம்

இந்தப் பகுதியில் படிப்பவர்கள் மற்ற எவரையும்விட நன்றாகச் செய்யக்கூடிய ஆய்வு ஒன்று இருக்கிறது. உருக்காலைகளிலும் சூளைகளிலும் கடினமான வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். காண்ட்ராக்ட் முறையில் வருகிறார்கள், உடம்பு தாங்கும் வரை இருக்கிறார்கள், தாங்காதபோது ஊருக்குப் போய்விடுகிறார்கள். இன்று ஆலையில் நிற்பவர்களை மட்டும் பரிசோதித்தால் எல்லோரும் திடமாகத் தெரிவார்கள், நோயாளிகள் ஏற்கெனவே ரயிலேறிவிட்டதால். நோய்ப்பரவலியலில் இதை ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு என்று வகுப்பில் நடத்துவார்கள். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். போனவர்களைத் தேடிப் பிடிக்கத் தொலைபேசி எண் வேண்டும், இந்தியோ ஒடியாவோ நாலு வாக்கியம் வேண்டும், அவர்கள் நம்பிப் பேசும் ஒரு முகம் வேண்டும். ஆகவே உங்கள் படிப்புச் செலவில் ஒரு பங்கை மொழிக்கு ஒதுக்குங்கள். இந்தத் துறையில் அது ஒரு கருவியின் விலைக்குச் சமம்.

வெப்பமும் அப்படித்தான். ஸ்ரீ ராமச்சந்திராவில் வித்யா வேணுகோபால் குழுவினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்பவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது தெரியவந்தது. சூளையில் கல் சுமக்கும் பெண்ணுக்கு நிழல், தண்ணீர், கழிப்பறை, இடைவேளை ஆகியவை மருந்துக்கு முந்தைய மருத்துவம். அதை முதலாளியிடம் எண்ணோடு சொல்லத் தெரிந்தவர் தேவை.

மனிதர்களிடம் இரத்தமோ சிறுநீரோ கேள்விப் பதிலோ எடுக்கும் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், அந்த மனிதருக்குப் புரியும் மொழியில் விளக்கிப் பெற்ற சம்மதமும் வேண்டும். முடிவை அவரிடம் திருப்பிச் சொல்லும் கடமையும் உண்டு. "எடுத்துட்டுப் போனாங்க, என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்ல" என்று சொல்லும் ஊர், அடுத்து வரும் மாணவரை உள்ளே விடாது.

இளநிலையிலேயே செய்யக்கூடியவை

கடைசி ஆண்டு புராஜெக்டை ஊர்ப் பிரச்சினை ஒன்றில் செய்யுங்கள். தெருக் கிணறுகளின் உப்பளவு மழைக்கு முன்னும் பின்னும், சூளைக்கு அருகே உள்ள பள்ளிக்கூடத்தில் நுண்துகள், பட்டறையில் வெப்ப அளவு. சிறிதாக இருக்கட்டும், முழுதாக இருக்கட்டும். ஆர் எனும் இலவச மென்பொருளையும் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளையும் வீட்டிலேயே கற்கலாம். பக்கத்து ஆலைகளின் சுற்றுச்சூழல் அனுமதி ஆவணங்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் தளத்தில் இருக்கின்றன. ஒன்றையாவது முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் இல்லாததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். ஆரம்பச் சுகாதார நிலையத்தின் சுகாதார ஆய்வாளரோடு ஒரு வாரம் சுற்றினால், 1939இலேயே தனிப் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணத்தின் வாரிசு நாம் என்பதன் பொருள் தெரியும்.

சட்டத்தையும் படியுங்கள். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான வேலை செய்பவர்களின் உடல்நலப் பதிவேட்டை ஆலை வைத்திருக்க வேண்டும், தொழிலாளி அதைப் பார்க்கலாம் என்ற விதி வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து, எது தொடர்கிறது, எது மாறுகிறது என்று ஒப்பிட்டுப் படித்தவர் இப்போது எந்த இ.எச்.எஸ். நேர்காணலிலும் தனித்துத் தெரிவார்.

தேதிகள், பணம்

கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில். புதுச்சேரி, ஜே.என்.யு. போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு பெரும்பாலும் மார்ச்சில். அதற்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் இளநிலை முடிவையொட்டி அறிவிக்கும். முதுநிலை முடித்து நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலை படிக்க மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. நம் பக்கத்தில் அதற்கு விண்ணப்பிப்பவர்கள் இன்னும் அதிகமாக வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் விண்ணப்பத்தில் முதலில் தேடுவது களத்தில் வேலை செய்த அடையாளத்தை. ஓராண்டு இங்கே ஆய்வுத் திட்டத்தில் வேலை பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் கடிதம் கனமாக இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது சிப்காட்டில் வேலை பார்த்தால், இந்த வாரமே அவரிடம் ஒன்று கேளுங்கள்: கடைசியாக ஆலையில் மருத்துவப் பரிசோதனை எப்போது நடந்தது, அதன் முடிவைத் தாளில் கொடுத்தார்களா? கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது.